ஊட்டுக்கு ஏழு குடம்

கற்றறிந்த பெரியோர் எழுதியவற்றை வாசித்து மகிழ்வதோடு அமைந்திருக்க வேண்டிய கை, அவையறியாது எழுதுகோலை எடுத்துவிட்டது. ஒரு குடியானவர் வீட்டில் நாளொன்றுக்குத் தண்ணீர் எவ்வளவு செலவாகிறது என்பது ஒரு கதைக்குப் பொருளாகுமா என்னும் ஐயம் முதல் வரியிலேயே எழுந்து தடுத்தது. ஆயினும் ஊஞ்சக்காட்டுப்புதூரில் அந்தக் கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டது. அதற்கு ஒரு விடையும் சொல்லப்பட்டது. விடையினால் விளைந்ததை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆகையால் பிழைபடவேனும் எழுதத் துணிந்த இச்சிறு முயற்சியைப் பெரியோர் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டிக்கொண்டு கதைக்குள் செல்லலாம்.

மேட்டூரில் அணை கட்டி முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அணை இருந்தது சேலம் ஜில்லாவில். அதன் தண்ணீர் போனது தஞ்சாவூர்ப் பக்கம். திருச்செங்கோட்டு மலையைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஊஞ்சக்காட்டுப்புதூர் மேட்டு நிலத்து ஊர். வானம் பார்த்த சோளமும் கம்பும், கிணற்றை நம்பிக் கொஞ்சம் ராகியும் மிளகாயும்; அவ்வளவே அதன் வெள்ளாமை. இரண்டு பட்டம் மழை தவறியதும் தோட்டத்துக் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பாறையைக் காட்டின. கருப்பண்ணன் தோட்டத்தில் எருதுகள் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்த கவலையின் தோற்பை, இறைப்பதற்கு ஒன்றுமின்றிச் தோட்டக் குடிசையான சாளையின் சுவரில் காய்ந்து சுருங்கித் தொங்கியது.

எஞ்சியிருந்தது மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் உள்ள ஊர்க் கிணறு ஒன்றுதான். அதிலிருந்து எடுக்கும் தண்ணீருக்கு அவ்வூரார் வாயில் மூன்று பெயர்கள் இருந்தன. குடத்தில் இடுப்பேறி வீடு வந்து சேர்வது ஊட்டுத் தண்ணி. மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, கிணற்றோரத்துக் கல்தொட்டியில் சேந்தி ஊற்றுவது தொட்டித் தண்ணி. கிணற்று மேடையில் கால் வைக்கக் கூடாதென்று ஊர் விலக்கி வைத்திருந்த கீழ்வளவுப் பண்ணையாட்கள், மேடைக்கு அப்பால் குடத்தை வைத்துவிட்டு விலகி நிற்க, மேடைமேல் நிற்பவர்கள் ஊற்றுவது ஊத்தற தண்ணி. இந்த மூன்றில் எண்ணப்படுவது ஊட்டுத் தண்ணி மட்டுமே. தொட்டிக்குச் சேந்துவதையும் பிறருக்கு ஊற்றுவதையும் எண்ணுவது தகாது என்பது வழக்கம்.

கருப்பண்ணனின் மனைவி உண்ணாமலை இந்த மூன்றையும் நாள்தோறும் செய்பவள். கட்டுத்தறியில் மயிலை, செவலை என்ற இரண்டு எருதுகளும், காரி என்ற கறுப்புப் பசுவும் நின்றன. காரி சினையாக இருந்தது. வீட்டில் ஆட்கள் மூவர்: அவள், கணவன், பெண் ராசம்மாள். தண்ணீர் சேந்தும் வேளையில் பண்ணையாள் பொன்னனின் மனைவி சின்னாயி குடத்தோடு வந்து நிற்பாள். அவளுக்கு இரண்டு குடம் ஊற்றிவிட்டுத்தான் உண்ணாமலை கடைசிக் குடத்தைத் தூக்குவாள். செலவு செய்வதில் அவள் கெட்டி. "உண்ணாமலெ பாத்துப் பொழங்கறவ" என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குச் சற்றே ஆசையும் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுதல் நேர்மை.

மாசி மாதத்தில் ஒரு நாள் திருச்செங்கோட்டிலிருந்து ரெவினியூ இன்ஸ்பெக்டர் அருணகிரி வந்தார். சேலம் அஸ்தம்பட்டிக்காரர், சிறு வயது, யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். மணியக்காரர் பெரியசாமி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார். ஊர்க் கிணற்றில் உள்ளதை எல்லோருக்கும் பங்கிட வேண்டும்; அதற்காக வீட்டுக்கு வீடு தேவை என்னவென்று கேட்டு எழுத உத்தரவாம்.

உண்ணாமலைக்கு முன்னால் அடுத்த வீட்டு அங்கம்மாளின் முறை வந்தது.

"எங்களுக்கு இருவது கொடமுங்க."

"இருவதா?" என்றார் மணியக்காரர். "ஏனம்மா, ஊட்டுக்குள்ள எருமெ கட்டி முழுக வாக்கறயா?"

"எருமெ இல்லீங்க மாமா, உங்க தம்பிதானுங்க. அவிய மேலு அழுக்குக்கே நாலு கொடம் பத்தறதில்லீங்க."

கூடியிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அங்கம்மாளின் கணவர் கூட்டத்தின் பின்புறம் நின்று, "கேக்கறதுக்கு ஆளில்லாத சிறுக்கி" என்று முனகினார். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் உண்ணாமலையின் முறை வந்துவிட்டது.

"பயப்படாதீங்கம்மா. வரி போட இல்லை. வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் ஆகும்?"

உண்ணாமலை மனத்துக்குள் விடியற்காலையிலிருந்து நடந்து பார்த்தாள். வாசலுக்குச் சாணி கரைத்துத் தெளிக்க அரைக் குடம். ஏனம் விளக்க ஒன்று. கம்பு ஊற வைத்து இடித்துச் சோறாக்க ஒன்றரை. குடிக்க இரண்டு. காட்டிலிருந்து வந்தவர் மேலுக்கு ஊற்றிக்கொள்ள, ராசம்மாளுக்குத் தலைக்கு, கை கால் கழுவ என்று இழுத்துப் பிடித்தால் எட்டு வந்தது. அங்கம்மாளுக்குச் சிரித்த வாய்கள் இன்னும் மூடவில்லை. எட்டு என்று சொல்ல நா கூசியது.

"ஏழுங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து அவர் கேட்டதிலேயே சிறிய எண் அது.

"ஏழு போதுமா? கழுவின தண்ணியெல்லாம் கொட்டிடுவீங்களோ?"

"கொட்டறதுங்களா!" உண்ணாமலைக்கு அவமானமாகப் போயிற்று. "கழனித்தண்ணி அத்தனையும் தாழியில ஊத்தி வெச்சுக் கட்டுத்தறிக்குத்தானுங்க போவுது. ஒரு சொட்டு வீணாவாதுங்க."

"பேஷ். அப்போ மாடுகளுக்கும் அதிலேயே ஆயிடுது."

"ஆமாங்க" என்றாள் உண்ணாமலை.

இந்த இடத்தில் கதை சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அந்தச் சீமையில் பெரியவர்கள் பேசும்போது எதிரில் நிற்பவர் சொல்லும் சொல் அது. தாங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மேல் அதில் பொருள் இருக்க வேண்டுமென்பதில்லை. "ஏண்டா, உனக்குப் பித்தா?" என்று மணியக்காரர் ஒருமுறை கேட்டதற்குக்கூடத் தலையாரி கண்ணுசாமி கைகட்டி, "ஆமாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறான். இன்ஸ்பெக்டரின் வாக்கியத்தை உண்ணாமலை தன் சிக்கனத்துக்குக் கிடைத்த பாராட்டாகக் கேட்டுக்கொண்டாள். தவிடு கலந்த ஒரு தாழிக் கழனித்தண்ணி மூன்று உருப்படிகளின் வாயை நனைப்பதற்கே காணாது; அவற்றின் தாகம் தீர்ப்பது கல்தொட்டி. அது ஊரில் யாருக்குத் தெரியாது? அவர் கேட்டதோ ஊட்டுக்கு. மாடு கட்டுத்தறியில் அல்லவா இருக்கிறது?

புறப்படும் வேளையில் இன்ஸ்பெக்டர் கீழ்வளவைச் சுட்டி, "அங்கேயும் போய்க் கேட்கணுமே" என்றார்.

மணியக்காரர் வெயிலைப் பார்த்தார். "அவியளெத் தனியா எழுத வேண்டியதில்லீங்க. அந்தந்தப் பண்ணயத்து ஊட்டுலயே தண்ணி வாங்கிக்குவாங்க. ஊட்டுக் கணக்குலயே வந்துருதுங்க."

இன்ஸ்பெக்டர் அதையும் குறித்துக்கொண்டார். உண்ணாமலை அப்போது வீட்டில் அடுப்பூதிக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்ததும் கண்ணுசாமி சுண்ணாம்புச் சட்டியும் நார் மட்டையுமாக வீடு வீடாக வந்தான். மஞ்சளும் குங்குமமும் வைக்கும் வாசல் நிலவுகாலில் வெள்ளைக் கோடுகள் இழுத்தான்.

"ஏனுங் கண்ணுசாமி, நோம்பி நாள்கூட இல்லியே, என்னத்துக்குங் கோடு?"

"கோடு ஒண்ணுக்குக் கொடம் ஒண்ணு, அம்முணி. நாளையிலருந்து மேல ஒரு சொட்டுக் கேட்டு என்ர வாயெப் புடுங்காதே. உனக்கு ஏழு."

"ஊட்டுக்கு ஏழுதான். சரி. தொட்டிக்கு?"

கண்ணுசாமி மட்டையைச் சட்டியில் தோய்த்தபடி இருந்தான். "தொட்டியில முள்ளு வெட்டிப் போடச் சொல்லி உத்தரவு. மாட்டுக்கும் அந்த ஏழுலயே ஆவுதுன்னு நீதானே சொன்னியாம்?"

அன்று பொழுது சாயும் வேளையில் மாடுகளைப் பிடித்துக் கட்ட மறந்து நின்றாள் உண்ணாமலை. அவிழ்த்துவிட்ட எருதுகள் வழக்கம்போலத் தாமாகவே கோயிலை நோக்கி நடந்தன. பின்னால் ஓடியவள் போய்ச் சேர்வதற்குள் மயிலை தொட்டிக்குள் முகத்தை நுழைத்துவிட்டது. வேலமுள் மூக்கில் ஏறிய பிறகும் அது முகத்தை வெளியே எடுக்கவில்லை. முள்ளுக்கு அடியில் தண்ணீர் இருக்கக்கூடும் என்று அது எண்ணியது போலும். கயிற்றைப் பிடித்து இழுத்தபோது மூக்கிலிருந்து சொட்டிய இரத்தத்தை நாக்கை நீட்டி நக்கிக்கொண்டது.

"மாட்டுக்கும் அதுலயே ஆயிடுதுன்னு அவுரு சொன்னாருங்கறே. நீ என்ன சொன்னே?" என்று இரவு கேட்டான் கருப்பண்ணன்.

"ஆமாங்கன்னேன்."

"ஏம் புள்ளெ அப்படிச் சொன்னே?"

"ஆப்பீசரு சொல்லிட்டிருக்கறப்ப வேற என்னத்தெங்க சொல்றது?"

தான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம் என்பது கருப்பண்ணனுக்குத் தெரிந்தது.

மறுநாள் இருவரும் திருச்செங்கோட்டுக்கு நடந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களை உட்காரச் சொன்னார். அவர்கள் உட்காரவில்லை. சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்ட பிறகு, அவர் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்.

"தப்பு என் மேலேயும் இருக்கு. நான் வீடுன்னா மாடு கன்னு, ஆள் அம்பு எல்லாம் சேர்த்துத்தான் கேட்டேன். ஆனா கிணறு ஊறுறது அவ்வளவுதானே? ஊறுறது மொத்தமும் பங்கு போட்டாச்சு. உங்களுக்குப் பத்துக் குடம் கூட்டினா எங்கேயாவது பத்துக் குடம் குறையணும். யார் வீட்டில் குறைக்கட்டும்? பெயரைச் சொல்லுங்க, குறைச்சுத் தரேன்."

கருப்பண்ணன் மனத்துக்குள் தெருவில் நடந்தான். அங்கம்மாளுக்கு இருபது கோடு உண்டு. ஆனால் பிரசவத்துக்கு வந்த மகள் பச்சைக் குழந்தையோடு படுத்திருக்கிறாள். அடுத்த வீட்டில் எருமை இரண்டு. அதற்கடுத்த வீட்டில் உறம்பரையாக வந்த சொந்தக்காரர் ஏழெட்டுப் பேர், அவர்கள் ஊர்க் கிணறு வற்றி வந்து தங்கியிருக்கிறார்கள். தெருக் கோடிவரை போய்த் திரும்பி வந்தும் ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

"என்னால வேறே ஒண்ணும் செய்ய முடியாது. புரியுதா?" என்றார் இன்ஸ்பெக்டர், மிகவும் வருத்தத்தோடு.

"ஆமாங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அதன்பின் ஏழு குடத்தைப் பிரிக்கும் வேலை தொடங்கியது. வாசல் தெளிப்பது நின்றது. ஏனங்களைச் சாம்பலிட்டுத் துடைத்துக் கவிழ்த்தாள். கம்மஞ்சோற்றை நிறுத்திவிட்டு, இருந்த சோளத்தைப் பொரித்துத் தின்றார்கள். பொரிக்கத் தண்ணீர் வேண்டியதில்லை. ஆனால் பொரித்ததைத் தின்றால் தாகம் எடுத்தது. ராசம்மாள் தலை சிக்குப் பிடித்து நாறியது. அங்கம்மாள் வேலியருகே நின்று ஒரு நாள் சாடையாக ஒரு குடத்தை வைத்துவிட்டுப் போனாள், மறுநாளும் வைத்தாள், மூன்றாம் நாள் வேலிப் பக்கம் வரவில்லை. வராதது சரிதான் என்றே உண்ணாமலைக்குத் தோன்றியது.

சின்னாயி மட்டும் வந்துகொண்டிருந்தாள். தலையாரியிடம் போய்க் கேட்டதற்கு, "உன்ர பண்ணயத்து ஊட்டுல வாங்கிக்கோ" என்றானாம்.

"எங்களெ எந்த ஊட்டுல சாமி எழுதியிருக்கறாங்க?"

"எங்க ஊட்டுலதானாம் சின்னாயி. எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"ஏழுலயா?"

"ஏழுலதான்."

சின்னாயி சிரித்தாள். "உங்க ஊட்டுல எங்களெயும் சேத்திட்டாங்களா! இது தெரிஞ்சிருந்தா, நோம்பிக்குக் கறிச்சோத்துக்கே வந்திருப்பனே சாமி."

உண்ணாமலையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு குடம் ஊற்றினாள். சில நாள் ஒரு குடம் என்று போயிற்று. பின் அது அரைக்குடமாயிற்று. காட்டில் சோளத்தட்டும் தீர்ந்து, பனையோலையைக் கிழித்து மாட்டுக்குப் போடத் தொடங்கியபோது, காய்ந்த ஓலை மென்ற வாய்களுக்குத் தண்ணீர் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. செவலையின் விலா எலும்பை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம் போல இருந்தது. காரி தலையைத் தொங்கப் போட்டபடி, ஆள் அரவம் கேட்டால் மட்டும் தாழியைத் திரும்பிப் பார்க்கும்.

கருப்பண்ணன் ஒரு முடிவுக்கு வந்தான். "காவேரிக்கு ஓட்டிட்டுப் போயர்றேன். பள்ளிபாளையத்துல அக்கா ஊடு இருக்குது. ஆத்துல ஊத்துத் தோண்டியாச்சும் தண்ணி காட்டுவாங்க."

"காரி நடக்காதுங்க."

"காரி இங்கயே இருக்கட்டும். எருதுக ரெண்டும் போயிட்டா ஏழு கொடமும் அதுக்கும் உங்களுக்குந்தானே? சின்னாயிக்கும் ஊத்தலாம்."

நெடுநாளைக்குப் பிறகு வீட்டில் கேட்ட நல்ல கணக்கு அதுதான். விடியுமுன் அவன் புறப்பட்டான். இரண்டு எருதுகளுக்கும் ஆளுக்கொரு குடம் காட்டி அனுப்பினாள். கிணற்றில் முறை வரும்வரை வீட்டில் குடிக்க ஒரு செம்புதான் மிஞ்சியது.

அவன் திரும்பி வந்தபோது தோளில் ஒரு கயிறு மட்டும் கிடந்தது. செவலை அக்கா வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. மயிலை ஆற்றுக்கு இரண்டு கல் தொலைவில், காய்ந்த ஓடை ஒன்றைக் கடக்கும்போது மணலில் படுத்தது.

"மணலு குளுந்திருந்துது புள்ளெ. தண்ணின்னு நெனச்சுப் படுத்துக்கிச்சாட்டம் இருக்குது. எழுப்பி எழுப்பிப் பாத்தேன். மூஞ்சியெ மணலுக்குள்ள நொழைச்சுக்கிட்டு எந்திரிக்கவே இல்லெ."

உண்ணாமலை முள் குத்திய அந்த மூக்கை நினைத்துக்கொண்டாள்.

சித்திரையில் கிணறே குறைந்தது. ஏழு கோட்டுக்கு ஐந்து குடம்தான் கிடைத்தது. ஊர் முழுக்க அப்படித்தான். யாரும் யாரையும் நோவதற்கில்லை. ஒரு நாள் சின்னாயி குடத்தோடு வந்தாள். மேடைமேல் உண்ணாமலையிடம் கடைசிக் குடம் இருந்தது. காரிக்கு அன்று இன்னும் தண்ணீர் காட்டியிருக்கவில்லை. கைகள் குடத்தைச் சாய்க்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. அவளையும் அறியாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

அதைச் சின்னாயி பார்த்துவிட்டாள்.

"காரிக்கே வெச்சிருங்க சாமி" என்றாள். "நெறமாசம். அதுனால எங்கியும் போவ முடியாது. எங்களுக்குக் காலாச்சும் இருக்குதுங்க."

"எங்கெ போவீங்க?"

"மலைக்குத்தானுங்க. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் புடிக்கக் கங்காணி வந்திருக்கறான். மலெமேல தண்ணி ஓடிக்கிட்டே இருக்குமாம். புள்ளைக ரெண்டும் இப்பவே குதிக்குதுங்க."

"மழெ பேஞ்சதும் வந்துரு சின்னாயி."

"வாரனுங்க."

அவள் கொண்டுவந்த வெறுங்குடத்தை மேடைக்கு அப்பால் கவிழ்த்து வைத்தாள். மலையில் ஓடும் தண்ணீருக்குக் குடம் எதற்கு என்று நினைத்தாளோ, திரும்பி வரும்போது வேண்டும் என்று நினைத்தாளோ தெரியாது. மறுநாள் கீழ்வளவில் பொன்னன் வீட்டுப் படல் சாத்தியிருந்தது.

அந்த ஒரு குடத்தையும் குடித்த காரி அடுத்த வாரத்தில் கன்று போட்டது. கன்று மூச்சில்லாமல் விழுந்தது. காரி அதை நக்க முயன்றது, நாக்கில் ஈரமில்லை. இரண்டாம் நாள் பொழுது சாயும்போது, உண்ணாமலை கைக்குழியில் தண்ணீரை ஏந்தி வாயோரம் வைத்தாள். தண்ணீர் உதட்டில் வழிந்து தரையில் விழுந்தது. விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வீட்டில் ஒரு சொட்டு வீணாகி அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

மழை ஐப்பசியில் வந்தது. வேண்டிய மட்டும் வந்தது. தொட்டியில் கிடந்த முட்கள் மக்கி மிதந்தன. கார்த்திகையில், அதே வேப்பமரத்தடியில், அதே நாற்காலியில் இன்ஸ்பெக்டர் அருணகிரி வந்து உட்கார்ந்தார். பஞ்சத்தில் வீட்டுக்கு வீடு என்ன சேதம் என்று கேட்டு எழுத உத்தரவாம். அவரும் இளைத்திருந்தார். உண்ணாமலையை அடையாளம் கண்டுகொண்டு, எழுந்துகொள்ளப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார்.

"வீட்டுக்கு என்ன சேதம்மா? இந்தத் தடவை எல்லாம் சேர்த்துச் சொல்லுங்க. மாடு கன்னு ஒண்ணும் விட்டுடாதீங்க."

"மயிலை ஒண்ணுங்க. காரி ஒண்ணுங்க. காரி வயித்துல இருந்தது ஒண்ணுங்க." உண்ணாமலை விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். "அப்பறம் பொன்னன், சின்னாயி, அவங்க புள்ளைக ரெண்டு."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "இறந்துட்டாங்களா?"

"தெரியாதுங்க. மலைக்குப் போனாங்க. வரலீங்க. கங்காணியெக் கேட்டா மலைக்காச்சலுங்கறான், வேற தோட்டமுங்கறான். ஒண்ணும் நெசமாத் தெரியலீங்க."

"அவங்க உங்க வீடு இல்லையேம்மா."

"தண்ணிக்கு எங்க ஊடுன்னுதானுங்களே எழுதுனீங்க."

மணியக்காரர் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் அங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். இன்ஸ்பெக்டர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். ஆட்களை எழுத அதில் இடம் இல்லை.

"இதில் எழுத வழி இல்லைம்மா" என்றார் மிகத் தாழ்ந்த குரலில். "புரியுதுங்களா?"

உண்ணாமலை மடக்கிய விரல்களைப் பார்த்தபடி நின்றாள். பின், பெரியவர் ஒருவர் பேசியதற்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"ஆமாங்க."

ஊஞ்சக்காட்டுப்புதூர் கருப்பண்ணன் வீட்டில் அந்தப் பஞ்சத்தில் போனவை இவை: மயிலை எருது ஒன்று. காரிப் பசு ஒன்று. அதன் கன்று ஒன்று. பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர்.